உம் கொட்ட ஓர் ஆள்

பஞ்சவர்ணத்துக்குப் படிப்பு கண் வழியாக ஏறாது, காது வழியாகவும் ஏறாது. அவளுடைய சொந்த வாய் வழியாகத்தான் ஏறும். அதுவும் சும்மா ஏறிவிடாது, எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து உம் கொட்ட வேண்டும். கதை கேட்கிறவர்கள் கொட்டுவார்களே, அதே உம்தான். அது இல்லாவிட்டால் புத்தகம் ஒரு பக்கம் கிடக்கும், இவள் ஒரு பக்கம் கிடப்பாள். இதைப் போய் யாரிடம் சொல்ல முடியும்? பி.காம். படிக்கிற பெண் உம் கொட்ட ஆள் தேடுகிறாள் என்றால் ஊர் சிரிக்காதா?

ஆனால் அப்படி ஓர் ஆள் அவளுக்கு மூன்று வருஷம் கிடைத்திருந்தாள். பார்வதம் என்று பெயர். ஆவடி டிபன்ஸ் குவார்ட்டர்ஸ் பெண். அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பஞ்சவர்ணத்துக்கு வெள்ளானூர். அவளுடைய நைனா கன்னியப்பன் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர், அந்த நிலமெல்லாம் கல் நட்டு மனையாகிவிட்ட பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்துவிட்டார். அம்மா பொன்னியம்மா அதே எஸ்டேட்டில் பிஸ்கட் பேக்கிங். அந்தத் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் பஞ்சவர்ணம்தான். 1988 ஜூன் மாதம் அவள் பாவாடை தாவணியில் பஸ் ஏறியபோது தெருவே நின்று பார்த்தது. அந்தப் பார்வையே அவளுக்குப் பாதி பாரம்.

ஆவடியில் ஏழு நாற்பது வண்டி. லேடீஸ் பெட்டியில் இரண்டு பேரும் எதிரெதிரே ஜன்னலோரம். பெரம்பூரில் இறங்கிக் காலேஜுக்கு நடை. வண்டி அண்ணனூர் தாண்டுவதற்குள் கணக்கு தொடங்கிவிட வேண்டும், அது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

"ஒருத்தன் நூறு பங்கு வாங்கறான் பாரு. பத்து ரூபா பங்கு. ஆளு பாதிப் பணத்தக் கட்டிட்டு மீதியக் கட்டாம டபாய்க்கிறான்."

"உம்."

"கம்பெனி சும்மா வுடுமா? நோட்டீஸ் வுடுது. அப்பவும் கட்டல. சரி போடான்னு அவன் பங்கப் பறிமுதல் பண்ணிடுது. அவன் கட்டின ஐந்நூறு ரூபா போச்சு."

"உம்."

இப்படிச் சொல்லிக்கொண்டே போவாள். கொரட்டூர் வரும்போது கம்பெனி பறித்த பங்கை வேறு ஆளுக்கு விற்றிருக்கும். வில்லிவாக்கத்தில் பேலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் ஒத்துப்போய் டேலி ஆகிவிடும். பட்டரவாக்கத்தில் கூடையோடு ஏறுகிற பூக்காரப் பெண்கள்கூட காது கொடுத்துக் கேட்பார்கள். "அந்தப் பணம் கட்டாத ஆளு இன்னா ஆனான்மே?" என்று ஒருத்தி ஒரு நாள் கேட்டேவிட்டாள். பெட்டியே சிரித்தது. பஞ்சவர்ணத்துக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

பார்வதம் பேசவே மாட்டாள். வாயைத் திறந்தால் ஒரு உம், அவ்வளவுதான். ஆனால் பரீட்சையில் எண்பதுக்குக் குறைந்து வாங்கியதில்லை. பஞ்சவர்ணம் நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று என்று வேலியைத் தாண்டுகிற ஆடு மாதிரி எகிறிக் குதித்துத் தேறுவாள். பாஸ் மார்க் நாற்பது. இருந்தாலும் அவளுக்கு வருத்தம் இல்லை. 'நான் வாயால சொல்றேன், அவ அத்த வாங்கிப் பேப்பர்ல எழுதறா. என் வாய், அவ கை' என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். பார்வதத்தின் எண்பதில் பாதி தன்னுடையது என்று மனதார நம்பினாள். பாவம், அந்த நம்பிக்கையில்தான் மூன்று வருஷம் ஓடியது.

1991 ஏப்ரலில் கடைசி வருஷப் பரீட்சை. கார்ப்பரேட் அக்கவுண்டிங் பேப்பர் முடித்து வெளியே வந்ததும் பஞ்சவர்ணம் பார்வதத்தின் கையைப் பிடித்துக் குதித்தாள்.

"மூணு கணக்கும் டேலி ஆயிடுச்சு பாரு! மூணும்!"

"உம்," என்றாள் பார்வதம்.

ரிசல்ட் வந்தது. மற்ற எல்லாப் பேப்பரும் தேறிவிட்டாள். இந்த ஒன்றில் இருபத்தேழு. டேலி ஆன கணக்குக்கு இருபத்தேழு! எங்கேயோ பேப்பர் மாறிவிட்டது என்றே முதலில் நினைத்தாள். பார்வதத்துக்கு எண்பத்தொன்று.

அழுது முடிப்பதற்குள் அடுத்த இடி. பார்வதத்தின் அப்பாவுக்கு ஆந்திராவில் மேடக் தொழிற்சாலைக்கு மாற்றல். குவார்ட்டர்ஸ் வாசலில் லாரி நின்றது. பீரோ, கட்டில், தண்ணீர் டிரம் எல்லாம் ஏறியது. பஞ்சவர்ணம் ஒரு ஓரமாக நின்று பேசிக்கொண்டே இருந்தாள். போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடு, அங்கே தெலுங்கு பேசுவாங்களாம் பார்த்துக்கோ, அக்டோபரில் நான் தேறிடுவேன் கவலைப்படாதே என்று வாய் ஓயவில்லை. பார்வதம் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரியின் முன்பக்கம் ஏறிவிட்டாள். போய்ச் சேர்ந்ததும் புது விலாசத்தோடு இரண்டு வரிக் கடிதம் போட்டாள்.

அக்டோபரில் பஞ்சவர்ணம் மறுபடி பரீட்சை எழுதினாள். மறுபடி எல்லாம் டேலி ஆனது. மார்க் முப்பத்தொன்று.

அதோடு விட்டதா? பாடத்திட்டம் மாறுகிறது, பழைய பாடத்தில் எழுத வருகிற ஏப்ரல்தான் கடைசி என்று காலேஜ் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அதில் தேறாவிட்டால் புதுப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்கு வீட்டில் தெம்பில்லை. பொன்னியம்மா தன் கம்பெனி மேஸ்திரியிடம் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டாள்.

"ஏப்ரல்ல பாஸானா ஆபீசுக்குப் போ. ஆவலன்னா ஜூன் மாசம் என்கூட பேக்கிங்குக்கு வா. அங்க ஒண்ணும் பங்கு கிங்கு கெடயாது, பொட்டலத்துல பன்னெண்டு பிஸ்கட், அவ்ளோதான்," என்றாள் அம்மா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளும் பதினாறு வருஷமாக அதே பெஞ்சில் நிற்கிறவள்.

படிக்கத்தான் உட்கார்ந்தாள் பஞ்சவர்ணம். யாருக்குச் சொல்வது? சுவரில் மாட்டிய கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். கண்ணாடியில் இருந்தவளும் கூடவே வாயை அசைத்தாளே தவிர உம் கொட்டவில்லை. வாசலில் மேய்ந்த கோழிக்குச் சொன்னாள், அது கழுத்தைச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் போயிற்று. டைப்ரைட்டிங் கிளாசுக்காக அம்பத்தூர் போகும்போது அதே ஏழு நாற்பது வண்டியில் அதே ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர் சீட்டைப் பார்த்து மெதுவாகத் தொடங்கினாள்.

"ஒருத்தன் நூறு பங்கு வாங்கறான்…"

எதிர் சீட்டில் அன்று யாரோ ஓர் அம்மாள், மடியில் கைக்குழந்தை. அவள் பஞ்சவர்ணத்தை ஏற இறங்கப் பார்த்தாள், குழந்தையை இறுக்கிக்கொண்டாள், அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டாள்.

"நல்லாத்தான் கீது பொண்ணு. பாவம், தனியா பேசிக்கினு வருது," என்று பக்கத்தில் இருந்தவளிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. பஞ்சவர்ணம் வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வண்டியில் அவள் பேசுவதை விட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டு போவாள். அண்ணனூருக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் அத்தனை நேரம் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மார்ச் மாதம் காலேஜிலிருந்து ஒரு கார்டு வந்தது. காமர்ஸ் டிபார்ட்மெண்ட் ராஜம்மா மிஸ் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். மிஸ் எம்.பில். பண்ணுகிறார், கணக்கியல் படிக்கிறவர்கள் எப்படிப் படிக்கிறார்கள், எப்படிப் படித்தால் எத்தனை மார்க் என்று ஆராய்ச்சி. போன ஏப்ரலில் இவர்களுடைய கடைசி வருஷம் முடிகிற சமயத்தில் எல்லாருக்கும் நாற்பது கேள்வி உள்ள படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தார். எழுதிப் பார்ப்பீர்களா, வாய்விட்டுப் படிப்பீர்களா, மனப்பாடமா, விளங்கிக்கொண்டா, ஒவ்வொன்றுக்கும் பெட்டி. பெண்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே டிக் அடித்திருந்தார்கள்.

"உன் கை சும்மாத்தானே இருக்கு? இந்தப் படிவத்தையெல்லாம் எண்ணி அட்டவணை போட்டுக் கொடு. பேர் கிடையாது, நம்பர்தான். என் ஆராய்ச்சி வழிகாட்டி தினமும் உதைக்கிறார்," என்றார் மிஸ்.

மறுக்க மனம் வரவில்லை. மனிதர்களோடு ஓர் அறையில் உட்காரக் கிடைத்ததே பெரிசு. பஞ்சவர்ணம் கட்டைப் பிரித்து எண்ண ஆரம்பித்தாள்.

முப்பத்தேழாவது படிவம் அவளுடையது. பதினேழாம் கேள்வி: யாருடன் படிப்பீர்கள்? தனியாக, தோழியுடன், குழுவாக என்று மூன்று பெட்டி. 'தோழியுடன்' பெட்டியில் பெரிய டிக். அது போதாதென்று ஓரத்தில் கிறுக்கியிருந்தாள்: 'பார்வதம் உம் கொட்டினால்தான் எனக்கு ஏறும்.' அதன் பக்கத்தில் மிஸ் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த படிவத்தைப் புரட்டினாள். பெயர் இல்லாவிட்டால் என்ன, அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? மூன்று வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்த கை. சின்னச் சின்ன எழுத்து, ஒன்றோடொன்று இடிக்காமல். அவள் கண் நேரே பதினேழுக்குப் போயிற்று.

தனியாக.

கீழே அடுத்த கேள்வி: கூடிப் படிப்பதால் உங்களுக்குப் பயன் உண்டா? இல்லை. அதற்கடுத்த கேள்வி: எப்போது படிப்பீர்கள்? காலை நான்கு முதல் ஆறு வரை, எழுதிப் பார்த்து.

பஞ்சவர்ணம் அந்த வரியை மறுபடி படித்தாள். காலை நான்கிலிருந்து ஆறுவரை! அப்படியென்றால் ஏழு நாற்பதுக்கு வண்டி ஏறும்போது பார்வதத்துக்கு எல்லாம் தெரியும். முழுக் கணக்கும் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறாள். இவள் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, பெரிய பண்டிதை மாதிரிக் கதை சொல்ல, அவள் தெரியாதவள் மாதிரி உம் கொட்டியிருக்கிறாள். என் வாய், அவ கையாம்! நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

மிச்சப் படிவங்களை எப்படி எண்ணினாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்குப் போகிற வழியில் ஆவடி தபால் ஆபீசில் ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி, அங்கேயே நின்று எழுதினாள்.

'என்னால் உனக்குப் பயன் இல்லையென்றால் முதல் நாளே சொல்லியிருக்கலாம். மூன்று வருஷம் என்னைக் குரங்கு வித்தை மாதிரி உட்கார்ந்து பார்த்தாயா? உன் இரக்கம் எனக்கு வேண்டாம். இனிமேல் எனக்குக் கடிதம் போடாதே.'

ஒட்டினாள், பெட்டியில் போட்டாள். உள்ளே விழுகிற சத்தம் கேட்டது. நன்றாக வேண்டும் அவளுக்கு என்று சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுவரை வேகமாக நடந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

நாலு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் மதியம் கன்னியப்பன் டூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, துண்டை உதறிப் போட்டுச் சாய்ந்தார். மகள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமா, படிக்கலியா?"

"சொல்றதுக்கு ஆளு இல்ல நைனா."

"நான் கீறேனே, என்னாண்ட சொல்லு."

"உனக்குப் புரியாது நைனா."

"புரியாட்டி இன்னா? ராத்திரில கம்பெனி நாய்கூட நான் பேசறதக் கேட்டுக்கினுதான் கீது. அதுக்குப் புரியுதா? நீ சொல்லு."

வேறு வழியில்லாமல் சொன்னாள். உம் கொட்ட வேண்டும் என்று மட்டும் கண்டிஷன். கன்னியப்பன் எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பங்கு வாங்கினவன் கதை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"அவன் கட்டின ஐந்நூறையும் கம்பெனி எடுத்துக்கிச்சு நைனா."

"உம். அடாவடி."

"நூறு பங்குல அறுபத மட்டும் வேற ஒருத்தருக்கு எட்டு ரூபாய்க்கு வித்துடறாங்க. பங்குக்கு ரெண்டு ரூபா தள்ளுபடி, நூத்தியிருபது. ஐந்நூறுல நூத்தியிருபது போனா முந்நூத்தி எம்பது. அத்த கம்பெனி லாபமா ஒதுக்கி வைக்கிற கேப்பிடல் ரிசர்வுக்கு மாத்திடறாங்க."

"உம்! உம்!" என்றார் கன்னியப்பன் உற்சாகமாக.

அவர் கொட்டிய உம்மில் இவளுக்கும் உற்சாகம். கடகடவென்று முடித்து பேலன்ஸ் ஷீட் போட்டாள். டேலி! இரண்டு பக்கமும் ஒரே தொகை. எதற்கும் இருக்கட்டும் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தாள். கேப்பிடல் ரிசர்வ் நூற்றெண்பது என்று போட்டிருந்தது.

நூற்றெண்பதா? டேலி ஆகியிருக்கிறதே! திரும்ப முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அந்த மீதி நாப்பது பங்க இன்னா பண்ணாங்க? அத்த யாரும் வாங்கலியா?" என்று கேட்டார் கன்னியப்பன். அவருக்கு அந்த நாற்பதின் மேல் நிஜமாகவே கவலை.

பஞ்சவர்ணம் பேனாவை வைத்துவிட்டாள்.

அறுபதைத்தானே விற்றார்கள்? அறுபதுக்கு உண்டான முந்நூறைத்தானே எடுக்க வேண்டும்? அதில் நூற்றிருபது போனால் நூற்றெண்பது. விற்காத நாற்பதுக்கு உண்டான இருநூறு பறிமுதல் கணக்கிலேயே இருக்க வேண்டும். இவள் அதையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டாள். ஒரே பக்கத்தில் ஒரு வரியிலிருந்து எடுத்து இன்னொரு வரியில் வைத்ததால் மொத்தம் மாறவில்லை, அதனால் டேலி ஆகிவிட்டது. டேலி ஆனால் கணக்கு சரி என்று மூன்று வருஷம் குதித்தாளே!

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ரயிலில் இந்த இடம் வரும்போது பார்வதம் எப்போதும் போல உம் கொட்டியதில்லை. இழுப்பாள். "உம்ம்?" என்று மேலே தூக்கி இழுப்பாள். அதைக் கேட்டதும் இவள் ஒரு நொடி நின்று, "ஐயோ, அறுபதுக்குத்தானே!" என்று தலையில் தட்டிக்கொண்டு திருத்திக்கொள்வாள். பின்பு கதை ஓடும். தானே கண்டுபிடித்துத் திருத்தியதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பழைய நோட்டை எடுத்து அக்டோபர் பரீட்சைக்குப் போட்டுப் பார்த்த கணக்குகளையெல்லாம் புரட்டினாள். அக்டோபர் மாதம் வாங்கின இயந்திரத்துக்கு முழு வருஷத் தேய்மானம் போட்டிருந்தாள். பாதி வருஷத்து இன்ஷூரன்ஸ் மீதி இருக்க, முழுசாகச் செலவில் எழுதியிருந்தாள். எங்கெங்கே கொஞ்சம் போய்க் கொஞ்சம் நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் மொத்தத்தையும் அனுப்பிவிட்டிருந்தாள். எல்லாம் ஒழுங்காக டேலி ஆகியிருந்தன. அந்த ஒவ்வோர் இடத்திலும் ரயிலில் ஒரு "உம்ம்?" இருந்தது. பரீட்சை ஹாலில் அது இல்லை.

காலை நான்கு மணிக்கே எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்ட ஒருத்தி, தனக்கு ஒரு பயனும் இல்லாத கதையை, மூன்று வருஷம், ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். சும்மா கேட்டிருந்தால் அந்த இழுப்பு வந்திருக்குமா? ஒரு நாளாவது சலித்துக்கொண்டாளா? ஒரு நாளாவது 'தப்பு' என்று சொல்லி பூக்காரிகள் நடுவில் இவளை மட்டம் தட்டினாளா?

"இன்னாமா அழுவுற? நாப்பது பங்குதான, எவனாச்சும் வாங்குவான், வுடு," என்றார் கன்னியப்பன் பதறிப்போய்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக இன்னொரு இன்லண்ட் லெட்டர் எழுதினாள். மன்னித்துவிடு என்று எழுதினாள், புத்தி கெட்டுப் போய் எழுதிவிட்டேன் என்று எழுதினாள். இடம் போதாமல் ஓரத்திலெல்லாம் சுற்றிச் சுற்றி எழுதினாள். பதில் வரவில்லை. பத்து நாள் கழித்து இன்னொன்று போட்டாள், அதற்கும் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணிச் சத்தத்துக்கு வாசலுக்கு ஓடி ஓடிப் பார்த்தாள். கடிதம் போடாதே என்று இவள்தானே எழுதினாள்? பார்வதம் சொன்னதைக் கேட்கிறவள்.

ஏப்ரல் வந்தது. பரீட்சை ஹாலில் எழுபது பேர். மேலே மின்விசிறிகள் கடகடத்தன. பஞ்சவர்ணம் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். இரண்டாவது கணக்கே பறிமுதல் கணக்கு. இந்த முறை இருநூறு பங்கு, நூற்றைம்பதை விற்றுவிட்டார்கள். கை பழக்கத்தில் மொத்தத்தையும் வாரப் போயிற்று.

"உம்ம்?"

சத்தமாகவே வந்துவிட்டது. அவள் குரல்தான், ஆனால் அந்த இழுப்பு அவளுடையது இல்லை. எழுபது தலையும் திரும்பின. சூப்பர்வைசர் விடுவிடுவென்று வந்தார்.

"யாருக்கு சிக்னல் கொடுக்கிற? எழுந்திரும்மா!"

"யாருக்கும் இல்ல சார். எனக்குத்தான்."

"உனக்கே நீ கொடுப்பியா? என்ன கதை விடற?"

பெஞ்சைத் தடவினார். கேள்வித்தாளைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். ஒன்றும் அகப்படவில்லை. இன்னொரு தடவை வாயைத் திறந்தால் பேப்பரை வாங்கிவிடுவேன் என்று மிரட்டி, எழுப்பிக் கூட்டிப் போய் முதல் வரிசையில் கரும்பலகைக்கு எதிரே தனியாக உட்கார வைத்தார். ஐந்து நிமிஷம் போனதே தெரியவில்லை.

பிறகு எழுதினாள். வாயை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் மனசுக்குள் ஒரு உம் வைத்தாள். சந்தேகம் வந்த இடத்தில் இழுத்தாள். இழுத்த இடத்திலெல்லாம் நின்று, எவ்வளவு போயிற்று, எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தாள். நேரம் பறந்தது. கடைசிக் கணக்கில் பேலன்ஸ் ஷீட் நூற்று நாற்பது ரூபாய் உதைத்தது. எங்கே என்று தேடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

வெளியே மரத்தடியில் பெண்கள் கூட்டமாக நின்று, "டேலி ஆச்சா? உனக்கு டேலி ஆச்சா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆகல," என்று சொல்லிவிட்டுப் பஞ்சவர்ணம் ஸ்டேஷனுக்கு நடந்தாள். எல்லாரும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள்.

ஜூன் முதல் வாரம் மார்க் ஷீட் வாங்கக் காலேஜுக்குப் போனாள். அடுத்த திங்கட்கிழமை பேக்கிங்குக்கு வரச்சொல்லி மேஸ்திரி தேதி கொடுத்திருந்தார். ஆபீஸ் ஜன்னலில் காகிதத்தை நீட்டினார்கள். அவள் மூன்று தடவை படித்தாள்.

ஐம்பத்தெட்டு.

திரும்பினாள். யாரிடமாவது சொல்ல வேண்டும். வராந்தாவில் புது வருஷத்துக்கு அட்மிஷன் வாங்க வந்த பெண்கள் அம்மாக்களோடு வரிசையில் நின்றார்கள். அவளைத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நைனாவிடமும் அம்மாவிடமும் சாயந்திரம் சொல்லலாம், சந்தோஷப்படுவார்கள், தெருவுக்கே மிட்டாய் கொடுப்பார்கள். ஆனால் நூற்று நாற்பது ரூபாய் உதைத்தும் ஐம்பத்தெட்டு என்றால் அது என்ன என்று அவர்களுக்குப் புரியுமா? அதைக் கேட்டுக் கண்ணை விரிக்க வேண்டியவள் ஒருத்திதான். பஞ்சவர்ணம் தாவணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாஸான நாளில் இப்படி அழுகை வரும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"பஞ்சவர்ணம்! தேறிட்டியா? சபாஷ்!" என்று ராஜம்மா மிஸ் மாடிப்படியிலிருந்து கூப்பிட்டார். "நல்ல வேளை வந்தே. அரியர் எழுதித் தேறினவங்ககிட்ட மறுபடி அதே படிவம் வாங்கணும்னு வழிகாட்டி சொல்லிட்டார். இப்பவே நிரப்பிக் கொடுத்துடு, எனக்கு அடுத்த வாரம் முடிக்கணும்."

டிபார்ட்மெண்ட் அறையில் அதே மேஜை. அதே நாற்பது கேள்வி. மளமளவென்று டிக் அடித்துக்கொண்டு வந்தவள் பதினேழில் நின்றுவிட்டாள்.

யாருடன் படிப்பீர்கள்? தனியாக. தோழியுடன். குழுவாக.

தோழியுடன் என்று போட்டால் பொய். ஒரு வருஷமாக எதிர் சீட்டில் யாரும் இல்லை, இருந்தவளையும் இவளே எழுதி விரட்டிவிட்டாள். தனியாக என்று போட்டாலும் பொய். ஐம்பத்தெட்டில் பாதிக்கு மேல் அந்த இழுத்த உம்முக்குச் சேர வேண்டியது. நாலாவது பெட்டி ஒன்று இருக்கிறதா என்று கீழே பார்த்தாள், இல்லை. ஒருவேளை பார்வதமும் இந்த இடத்தில் இப்படித்தான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை.

தனியாக என்ற பெட்டியில் டிக் அடித்தாள்.

"முடிச்சிட்டியாம்மா?" என்று அலமாரிப் பக்கத்திலிருந்து மிஸ் கேட்டார்.

"உம்," என்றாள் பஞ்சவர்ணம்.